தைப்பேயில் சின்னப் பிள்ளைகளோடு நாலு நாள்: வேன் எதற்கு, ரயிலே போதும்

கேள்வி, ஜனவரி 18

சிங்கப்பூர் செங்காங்கிலிருந்து எழுதுகிறேன். மார்ச் பள்ளி விடுமுறையில் தைப்பே போகலாம் என்று இருக்கிறோம். நாங்கள் இருவர், மகளுக்கு 6 வயது, மகனுக்கு 3. ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியாரும் கூட வருகிறார். சைவம், முட்டைகூடத் தொடமாட்டார். அலுவலகத்தில் கேட்டால், "ஷாப்பிங்கும் நைட் மார்க்கெட்டும்தான் அங்கே, பிள்ளைகளுக்கு ஒன்றும் இல்லை" என்கிறார்கள். அதனால் யேலியூ, ஷிஃபென், ஜியூஃபன் மூன்றையும் ஒரே நாளில் காட்டும் வேன் ஒன்றைப் பதிவு செய்யப் பார்க்கிறோம். மீதி நாள் கடைகள், மிருகக்காட்சி சாலை. சரியாக வருமா? அங்கே இருக்கும் அக்கா அண்ணன்மார் யாராவது சொல்லுங்களேன்.

ஜனவரி 18, இரவு

வேன் வேண்டாம்.

மூன்றும் நல்ல இடங்கள்தான், தனித்தனியாகப் போனால். ஒரே நாளில் அடைத்தால் உங்கள் 3 வயதுப் பையன் அன்று அதிகம் பார்க்கப்போவது முன் இருக்கையின் முதுகைத்தான். யேலியூ கடலுக்குள் நீண்டிருக்கும் பாறை முனை. நிழல் கிடையாது, காற்று முகத்தில் அறையும். ஜியூஃபன் முழுக்கப் படிக்கட்டு. சாயங்காலம் அந்தச் சந்துகளில் தோளோடு தோள் இடிக்கும் கூட்டம் இருக்கும், தள்ளுவண்டியைத் தூக்கிக்கொண்டுதான் ஏற வேண்டும். மாமியாரின் முழங்காலையும் யோசியுங்கள். அப்புறம், இங்கே 4 வயதுக்குட்பட்ட பிள்ளையைக் காரில் குழந்தை இருக்கையில்தான் உட்கார வைக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. வேன்காரரிடம் அது உண்டா என்று கேட்டுப் பாருங்கள், பதில் மழுப்பலாக வந்தால் அதோடு விட்டுவிடுங்கள்.

நான் தைப்பேயில் கொங்குவான் பக்கம் இருக்கிறேன். கணவருக்கு இங்கே ஆராய்ச்சி வேலை, பையன் இங்கேயே பிறந்து வளர்கிறவன். ஊரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பிள்ளைகுட்டிகளோடு வருகிறவர்கள் எங்கள் வீட்டில்தான் இறங்குவார்கள். "பிள்ளைகளுக்கு ஒன்றும் இல்லை" என்று யார் சொன்னாலும் எனக்குக் கோபம் வரும். பிள்ளை வளர்க்க இவ்வளவு வசதியான ஊரை நான் பார்த்ததில்லை. பெரியவர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு பிள்ளைகளை இழுத்துக்கொண்டு அலைகிறவர்களுக்குத்தான் அது கண்ணில் படாது.

நான் சொல்லும் வழி இதுதான்: ஒரு நாளைக்கு ஒரு மெட்ரோ வழித்தடம், அதன் கடைசி ஸ்டேஷன். பழுப்புத் தடம் மலையடிவாரத்தில் முடிகிறது. சிவப்புத் தடம் தாம்சுய் ஆற்று முகத்தில் முடிகிறது, வழியில் பெய்தோவில் பிரியும் ஒரு சின்னக் கிளை வெந்நீர் ஊற்றுகளிடம் கொண்டுபோய் விடும். பச்சைத் தடத்தின் கடைசியில் ஷின்தியென்: ஆறு, அதன் குறுக்கே தொங்குபாலம், கீழே மிதிபடகு. வேனில் போய்த் தேடும் மலையும் தண்ணீரும் மெட்ரோ டிக்கெட் விலைக்கே கிடைக்கிறது. பிள்ளை அழுதால் அடுத்த ஸ்டேஷனில் இறங்கிக்கொள்ளலாம். வேனில் அது முடியாது.

ஜனவரி 19

தங்குமிடம் பற்றி. தைப்பே மெயின் ஸ்டேஷன் பக்கத்தில் எல்லோரும் அறை எடுக்கிறார்கள். விமான நிலைய ரயில் அங்கே வந்து சேர்வதால் எடுப்பது. எக்ஸ்பிரஸ் ரயில் என்றால் தாவ்யுவான் விமான நிலையத்திலிருந்து 40 நிமிடத்துக்குள் வந்துவிடலாம். ஆனால் அந்த நிலையத்தின் அடியில் இருக்கும் சுரங்கக் கடைவீதிகளில் பெரியவர்களே வழி தவறுகிறார்கள். தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு லிஃப்ட் தேடுவது ஒரு கொடுமை. என் யோசனை தாஆன் ஸ்டேஷன். பழுப்பும் சிவப்பும் அங்கே சந்திக்கின்றன, பூங்காவும் நடந்துபோகும் தூரத்தில்.

115 செ.மீ. உயரத்துக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்கு மெட்ரோவில் டிக்கெட் இல்லை, பெரியவர் கூட வந்தால் போதும். பெரியவர்கள் ஆளுக்கொரு ஈஸிகார்டு வாங்கிவிடுங்கள். பஸ், படகு, கேபிள் கார், தெருமுனைக் கடை எல்லாவற்றுக்கும் அதுவே.

ஜனவரி 20

பழுப்புத் தடம் 1996இல் திறந்தது, தைப்பேயின் முதல் மெட்ரோ. ஓட்டுநர் கிடையாது. செங்காங் பிள்ளைகளுக்கு அது புதிதில்லை என்று கீழே ஒருவர் சொல்லியிருக்கிறார். உண்மைதான், அங்கத்து ஓட்டுநர் இல்லாத எல்.ஆர்.டி. ரயிலில் தினமும் போகிறவர்கள். ஆனாலும் முன் கண்ணாடி ஓரத்து இருக்கைக்குக் காத்திருங்கள். இந்த ரயில் வீடுகளின் மூன்றாம் மாடிப் பால்கனியை உரசுவதுபோல் போகும். துணி காயும் கொடி, தொட்டிச் செடி, சோற்றுப் பானையைக் கழுவும் பாட்டி எல்லாம் தெரியும். பிறகு மலை எதிரே வந்து நிற்கும், ரயில் குகைக்குள் புகுந்து வெளியே வரும். என் பையன் அந்தக் குகை வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பான்.

கடைசி ஸ்டேஷன் மிருகக்காட்சி சாலை. அங்கிருந்து சில நிமிட நடையில் மாவ்கொங் கேபிள் கார். 2007இல் திறந்தது, 4 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். மேலே போய்ச் சேர அரை மணி நேரம் பிடிக்கும். சில பெட்டிகளுக்குக் கண்ணாடித் தரை, அதற்குத் தனி வரிசை. 6 வயது துள்ளும், 3 வயது உங்கள் மடியைவிட்டு இறங்காது, ஆகவே சாதாரணப் பெட்டியே நல்லது. நடுவில் ஜீநான் கோயில் ஸ்டேஷனில் இறங்கலாம். மலைமேல் பெரிய தாவோ கோயில், மாமியாருக்குப் பிடிக்கும். உச்சியில் தேயிலைத் தோட்டங்களும் தேநீர்க் கடைகளும். இந்த மலையின் பெயர்போன தேயிலை தியெகுவான்யின்.

பெரும்பாலான திங்கட்கிழமைகளில் கேபிள் கார் ஓடாது. இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் யாராவது ஒரு குடும்பம் திங்கட்கிழமை வந்து நிற்கிறது.

ஜனவரி 20, பிற்பகல்

"சிங்கப்பூரில் மண்டாய் மிருகக்காட்சி சாலை பக்கத்திலேயே இருக்கும்போது இங்கே ஏன் போக வேண்டும்?" என்று கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. சிங்கப்பூர்க்காரர்கள் முழு நாள் செலவழிக்கத் தேவையில்லை. ஒரு காலை போதும்: வாசலை ஒட்டியே தைவான் விலங்குகளுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. மார்பில் வெள்ளைப் பிறை போட்ட கருங்கரடி அங்கே. எறும்புதின்னியைக் காப்பாற்றி வளர்த்து இனம் பெருக்குவதில் இந்த மிருகக்காட்சி சாலைக்கு உலக அளவில் பெயர் உண்டு, அதைத் தேடிப் பாருங்கள். பாண்டாவும் உண்டு. துவான்துவான், யுவான்யுவான் என்று 2008இல் வந்த ஜோடியில் ஆண் 2022இல் இறந்துவிட்டது. அவற்றுக்கு இங்கே பிறந்த இரண்டும் பெண்கள்.

எனக்கு அங்கே பிடித்தது லின் வாங் என்ற யானையின் கதை. இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் ஜப்பானியப் படைக்குச் சுமை இழுத்தது, சீனப் படையிடம் சிக்கியது, அவர்களோடு நடந்தே சீனா போய், பிறகு தைவான் வந்து, 2003இல் 86 வயதில் இந்த மிருகக்காட்சி சாலையில் இறந்தது. பாடம் செய்யப்பட்ட உடல் கல்வி மையத்தில் நிற்கிறது. அதைக் கண்டதும் உயிரோடு இருக்கிறதா என்று கேட்காத பிள்ளை இல்லை.

முழுவதும் பார்க்க நினைப்பவர்கள்: இடம் முழுக்க மலைச்சரிவு. உள்ளே ஓடும் சின்ன வண்டியில் மேலே போய்விட்டு நடந்து இறங்குங்கள்.

ஜனவரி 22

மாமியார் சாப்பாடு. கவலையே வேண்டாம். பௌத்தர்களும் தாவோக்காரர்களும் விரதம் இருக்கும் ஊர் என்பதால் சைவக் கடை இல்லாத தெரு இல்லை. பெயர்ப்பலகையில் ஸ்வஸ்திகா போட்டிருந்தால் சைவம். நம்மவர்கள் முதலில் அதைக் கோயில் என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவார்கள். தட்டை எடுத்துக்கொண்டு வேண்டியதை அள்ளிப்போட்டு எடை போட்டுக் காசு கொடுக்கும் கடைகள்தான் குடும்பத்துக்கு வசதி. எதையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டாம், கண்ணால் பார்த்து எடுக்கலாம். கீரை, தாமரைக் கிழங்கு, பூசணி, காளான், வகை வகையாக டோஃபு. ஆச்சாரமான கடைகளில் வெங்காயம் பூண்டும் சேர்ப்பதில்லை. என் அத்தை ஏகாதசிக்குக்கூட அங்கே சாப்பிட்டார்.

முட்டைதான் கண்ணி. சைவக் கடையிலும் பல இடங்களில் முட்டை உண்டு. பாக்கெட்டில் வரும் சைவ உணவுக்கு ஐந்து வகைப்பாடு சட்டப்படி இருக்கிறது: முற்றிலும் சைவம், முட்டை சேர்ந்தது, பால் சேர்ந்தது, இரண்டும் சேர்ந்தது, வெங்காயம் பூண்டு வகை சேர்ந்தது. முற்றிலும் சைவம் என்பதன் சீன எழுத்தை ஃபோனில் படம் பிடித்து வைத்துக்கொண்டு காட்டுங்கள். "பால் பரவாயில்லை" என்று விளக்கப் போக வேண்டாம், பேச்சு குழம்பி முட்டையில் வந்து நிற்கும். பாலை நீங்களே தனியாக வாங்கிக்கொள்ளலாம்.

தயிர்: சூப்பர் மார்க்கெட்டில் கிடைப்பதில் பாதி இனிப்புத் தயிர். சர்க்கரை இல்லாததைத் தேடி எடுங்கள். இங்கத்து அரிசி குட்டையாக, ஒட்டும் ரகம். தயிர் ஊற்றிப் பிசைந்தால் குழந்தைக்கு மசித்த பதம் தானாக வந்துவிடும்.

ஜனவரி 22, இன்னொன்று

செவன்-இலெவன், ஃபேமிலிமார்ட் கடைகளில் வாசலருகே சூடான பெட்டியில் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு இருக்கும். தோலை உரித்தால் உள்ளே ஈரமாக, தேன் நிறத்தில். பசி நேரத்தில் இதைவிட நல்லது எதுவும் கிடையாது. உட்கார மேசை, வெந்நீர், பல கடைகளில் கழிப்பறையும் உண்டு.

ஜனவரி 23

விசா பற்றித் தனியாகக் கேட்டிருந்தீர்கள், எல்லோருக்கும் உதவும் என்று இங்கேயே எழுதுகிறேன். சிங்கப்பூர் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டாம். மாமியார் இந்தியப் பாஸ்போர்ட் என்றால் வேண்டும். அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஷெங்கன், ஜப்பான், கொரியா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து இவற்றில் ஒன்றின் விசா அவரிடம் இருந்தால் ஆன்லைனிலேயே இலவச அனுமதி கிடைக்கும். சிங்கப்பூர் அனுமதி அந்தப் பட்டியலில் இல்லை, பலர் கோட்டைவிடுவது இங்கேதான். சிங்கப்பூரில் உள்ள தைப்பே பிரதிநிதி அலுவலகத்தில் விசாரியுங்கள். ஊரிலிருந்து நேராக வருபவர்களுக்குச் சென்னையிலேயே 2012 முதல் தைப்பே பொருளாதார, பண்பாட்டு மையம் இருக்கிறது. எதுவானாலும் இன்றே தொடங்குங்கள்.

பழமும் எந்த வகை இறைச்சியும் பையில் கொண்டுவராதீர்கள். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் (பன்றிகளுக்கு வரும் நோய்) பரவிய நாடுகளிலிருந்து பன்றி இறைச்சிப் பொருள் கொண்டுவந்து பிடிபட்டால் முதல் தடவையே 2 லட்சம் தைவான் டாலர் அபராதம்.

ஜனவரி 29

எனக்குப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன்: பூங்காக்கள்.

10 வருஷத்துக்கு முன்னால் வரை தைப்பே பூங்காக்களில் எங்கே போனாலும் ஒரே பிளாஸ்டிக் சறுக்குமரம்தான் நிற்கும். அதற்கும் முன்னால் இருந்த, மொசைக் தரைபோல் வழவழப்பாகத் தேய்த்த பழைய சிமெண்ட் சறுக்குகளை, ஆபத்து என்று சொல்லி இடித்துவிட்டு வைத்தவை அவை. 2015 வாக்கில் சில தாய்மார் இதை எதிர்த்துக் கிளம்பினார்கள். பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு போய் நகராட்சியிடம் மனு கொடுத்தார்கள். மணல் வேண்டும், தண்ணீர் வேண்டும், ஏற உயரம் வேண்டும், சக்கர நாற்காலிப் பிள்ளையும் கூட விளையாட வேண்டும் என்று கேட்டார்கள். கேட்டது கிடைத்தது. இன்று நகரத்தில் ஏராளமான விளையாட்டிடங்கள் புதிதாகக் கட்டப்பட்டு ஒவ்வொன்றும் ஒரு மாதிரி இருக்கிறது. சறுக்கு இறங்கும் பிள்ளையைப் பார்க்கும்போதெல்லாம் அந்தத் தாய்மார்களுக்கு ஒரு கும்பிடு போடத் தோன்றும்.

உங்களுக்கு இரண்டு சொல்கிறேன். தாஆன் வனப்பூங்கா, 26 ஹெக்டேர், 1994இல் திறந்தது. மணல்குழி உண்டு. ஏதாவது மலிவுக் கடையில் ஒரு வாளியும் கரண்டியும் வாங்கிப் போங்கள், இல்லாவிட்டால் அடுத்தவர் வாளிக்குச் சண்டை. இரண்டாவது ஹுவாஷான் புல்வெளி, பழைய மது ஆலையைக் கலைக்கூடமாக்கிய இடத்துக்குப் பக்கத்தில். மேட்டின் மேலிருந்து இறங்கும் சறுக்குகள். இரண்டுமே காசில்லை.

தாஆனில் புல்தரையைக் கவனியுங்கள். செங்கல் நிறத்தில் ஒரு நாரை அசையாமல் நிற்கும், சிலை என்று நினைப்பீர்கள். மலாயா இராக்கொக்கு. மற்ற ஊர்களில் காட்டுக்குள் ஒளிந்திருக்கும் பறவை, இங்கே ஆள் நடக்கும் இடத்தில் நிற்கிறது. கழுத்தை மட்டும் இடமும் வலமும் மெல்ல ஆட்டி மண்ணைக் கேட்கும். பிறகு ஒரே குத்து. மண்புழு பாதி வெளியே வந்து இழுபடும், அறுந்துவிடாமல் கொஞ்சம் விட்டுக்கொடுத்து மறுபடி இழுக்கும், கடைசியில் முழுசாக உருவி எடுத்துவிடும். என் பையன் அதைப் பார்க்கக் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தால் எழுப்ப முடியாது. வேன் டூரில் இதற்கு நிறுத்தம் கிடையாது.

பிப்ரவரி 3

"ஷிஃபென் போகாமல் வந்தால் போனதே வீண்" என்று ஒருவர் கொஞ்சம் சூடாகவே எழுதியிருக்கிறார். வேனைத்தான் நான் வேண்டாம் என்றேன். பிங்ஷி கிளை ரயிலில் போகிறவர்களைத் தடுக்க மாட்டேன். உங்கள் பிள்ளைகளுக்கு ரயில் பைத்தியம் என்றால் அது நல்ல நாளாகவே அமையும்.

மெயின் ஸ்டேஷனிலிருந்து ருய்ஃபாங் வரை ரயில், அங்கே சின்ன ரயிலுக்கு மாற்றம். நிலக்கரி ஏற்றிவரப் போட்ட பாதை. ஷிஃபெனில் தண்டவாளம் கடைவீதியின் நடுவிலேயே ஓடுகிறது. விசில் கேட்டதும் எல்லோரும் இருபக்கமும் ஒதுங்குவார்கள், ரயில் கடை வாசலைத் தொட்டுக்கொண்டு போகும். அந்த ஒரு நிமிடத்தில் சின்னவனின் கை உங்கள் கையை விடக் கூடாது. திரும்பும் வழியில் ஹோதோங்கில் இறங்கினால் பூனைகள். சுரங்கம் மூடி ஆட்கள் போனபின் பூனைகளால் பிழைத்த கிராமம்.

ஷிஃபெனில் வானத்தில் பறக்கவிடும் காகித விளக்கை நீங்கள் விடாதீர்கள் என்று கேட்டுக்கொள்வேன். காகிதமும் மூங்கில் வளையமும் கம்பியும் பக்கத்து மலையில்தான் போய் விழுகின்றன, ஊர்க்காரர்கள் மரத்திலிருந்து பொறுக்கிக்கொண்டிருக்கிறார்கள். மற்றவர்கள் விடுவதைப் பார்த்தாலே பிள்ளைகளுக்குப் போதும்.

சனி ஞாயிறு வேண்டவே வேண்டாம். ரயிலில் நிற்க இடம் இருக்காது.

பிப்ரவரி 4

தள்ளுவண்டி: எல்லா மெட்ரோ ஸ்டேஷனிலும் லிஃப்ட் உண்டு. பிரச்சினை தெருவில். கடை முன்னால் இருக்கும் மூடிய நடைபாதை ஒவ்வொரு கடைக்கும் ஒரு உயரம், போதாக்குறைக்கு ஸ்கூட்டர்கள். எடை குறைந்த, ஒரு கையால் மடிக்கிற வண்டி கொண்டுவாருங்கள். நைட் மார்க்கெட்டுக்கு அதையும் விடுதியில் விட்டுவிட்டு, பிள்ளையைத் தோளில் கட்டிக்கொள்ளுங்கள்.

பால் கொடுக்கும் அறை பற்றிக் கேட்ட தங்கைக்கு: 2010 சட்டத்தின்படி பெரிய பொது இடங்கள், நிலையங்கள், கடைத்தொகுதிகள் எல்லாம் வைத்தே ஆக வேண்டும். அறை இல்லாத இடத்திலும் பொதுவில் பால் கொடுப்பதை யாரும் தடுக்கக் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது.

பிப்ரவரி 10

மழை. மார்ச்சில் கட்டாயம் ஒரு நாளாவது பெய்யும், குளிரும். 15, 16 டிகிரிதான், ஆனால் ஈரக் குளிர் எலும்பில் ஏறும். சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்கு மேல்சட்டை ஒன்றுக்கு இரண்டாக எடுத்துவையுங்கள். குடை வேண்டாம், மழைக்கோட்டும் ரப்பர் பூட்ஸும்.

மழை நாளுக்கு நான் அனுப்பும் இடம் தைவான் பல்கலைக்கழக மருத்துவமனை ஸ்டேஷன். வெளியே வந்தால் 228 அமைதிப் பூங்கா. அதன் வாசலுக்கு எதிரே 1933இல் கட்டிய பழைய வங்கிக் கட்டடம் ஒன்று தேசிய தைவான் அருங்காட்சியகத்தின் கிளையாக இருக்கிறது. பணம் எண்ணிய கூடத்தில் இன்று டைனோசர் எலும்புக்கூடுகள். மாடிப்படி ஏற ஏற அதன் கழுத்துக்கும் தலைக்கும் நேராக வந்துவிடலாம். வங்கியின் பெட்டக அறையையும் அப்படியே வைத்திருக்கிறார்கள். அந்தத் தடிமனான இரும்புக் கதவுக்கு முன்னால் பெரிய பிள்ளைகள் டைனோசரையே மறந்துவிடுவார்கள். அதே சீட்டில் பூங்காவுக்குள் இருக்கும் மூல அருங்காட்சியகமும் பார்க்கலாம். பூங்காவிலேயே கண்ணாடிக் கூண்டுக்குள் தைவானின் முதல் ரயில் எஞ்சின், ஜெர்மனியில் செய்தது.

இன்னும் ரயில் வேண்டும் என்றால் பெய்மென் ஸ்டேஷன் பக்கம் அதே அருங்காட்சியகத்தின் ரயில்வே பூங்கா, 2020இல் திறந்தது. ஜப்பானியர் காலத்து ரயில்வே அலுவலகம். உள்ளே ஓடும் பெரிய மாதிரி ரயில் அமைப்பு அருமை. இவையெல்லாம் திங்கட்கிழமை மூடல்.

தைப்பே 101 கோபுரம்? 508 மீட்டர். 5ஆம் மாடியிலிருந்து 89க்கு லிஃப்ட் 37 நொடியில் போகும். மழை நாளில் ஜன்னலில் வெறும் மேகம். காற்றிலும் நடுக்கத்திலும் கோபுரம் ஆடாமல் பிடிக்கும் 660 டன் மஞ்சள் உருண்டை உள்ளே தொங்குகிறது, அது மட்டும் எந்த வானிலையிலும் தெரியும். நுழைவுச்சீட்டு விலைக்கு அது போதுமா என்பது உங்கள் முடிவு. நான் என்றால் அந்தப் பணத்தைப் பெய்தோவில் செலவு செய்வேன்.

பிப்ரவரி 11

மெட்ரோவில் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. டிக்கெட் வாசலுக்கு முன்னால் தரையில் ஒரு மஞ்சள் கோடு இருக்கும், அதைத் தாண்டினால் சாப்பாடு, தண்ணீர், சூயிங்கம் எதுவும் கூடாது. அபராதம் 1,500 முதல் 7,500 டாலர். கோட்டுக்கு முன்னாலேயே பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொடுத்துவிடுங்கள்.

பிப்ரவரி 12

பெய்தோ என்று சொல்லிவிட்டு விளக்காமல் போய்விட்டேன் என்று இருவர் கேட்டிருக்கிறார்கள்.

பெய்தோவில் மாறி ஒரே ஒரு ஸ்டேஷன் போனால் ஷின்பெய்தோ. ஓடையோரமாகவே மேலே நடங்கள், ஏற்றம் மெதுவாகத்தான் இருக்கும். முதலில் மரத்தால் கட்டிய பொது நூலகம், 2006. பிள்ளைகள் பகுதியில் சீனம் தெரியாத பிள்ளையும் படப்புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். அடுத்து 1913இல் ஜப்பானியர் கட்டிய பொதுக் குளியலகம், இப்போது அருங்காட்சியகம், செருப்பைக் கழற்றிவிட்டு நுழைய வேண்டும். கடைசியில் வெப்பப் பள்ளத்தாக்கு: பச்சை நிறத்தில் கொதிக்கும் குளம், முகத்தில் படும் ஆவி, அழுகிய முட்டை நாற்றம். அந்த நாற்றம்தான் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடிவிட்டுத் திரும்பவும் வருவார்கள். வேலி இருக்கிறது, இருந்தாலும் 3 வயதைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

குளிக்க: மணிக்கணக்கில் வாடகைக்குக் குடும்ப அறை தரும் விடுதிகள் நிறைய. தொட்டியில் குளிர்ந்த நீரும் திறந்து நீங்களே சூட்டைக் குறைத்துக்கொள்ளலாம். சின்னவனைச் சில நிமிடத்துக்கு மேல் விடாதீர்கள். மாமியாரின் முழங்காலுக்கு இதைவிட நல்ல மருந்து சொல்ல எனக்குத் தெரியாது.

பிப்ரவரி 20

நிலநடுக்கம் பற்றிப் பயந்து ஒருவர். மறைக்காமல் சொல்கிறேன்: வரும். பெரும்பாலும் விளக்கு ஆடும் அளவுக்கு. 2024 ஏப்ரல் 3 காலை 8 மணிக்குச் சற்று முன்னால் கிழக்குக் கரையிலுள்ள ஹுவாலியெனை மையமாக வைத்து 7.2 அளவில் வந்ததே, அன்று நான் பையனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். அவனைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மேசைக்கடியில் போனேன். அலமாரியிலிருந்த டப்பாக்கள் ஒவ்வொன்றாக விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஹுவாலியெனில் உயிர்கள் போயின. தைப்பேயில் மெட்ரோவை நிறுத்திப் பாதையைச் சோதித்துவிட்டு அன்றே மெதுவாக ஓட்டினார்கள்.

அறைக்குள் போனதும் எந்த மேசைக்கடியில் போவோம் என்று பிள்ளைகளோடு ஒரு தடவை விளையாட்டாகச் செய்து பாருங்கள். இங்கே பள்ளிப் பிள்ளைகள் தலையில் பையை வைத்துக்கொண்டு அதைப் பழகுகிறார்கள். ஃபோனில் எச்சரிக்கை அலறினால் லிஃப்டில் ஏற வேண்டாம், வெளியே ஓடவும் வேண்டாம். காவல் 110, ஆம்புலன்ஸ் 119.

காய்ச்சல் சளி என்றால் பெரிய மருத்துவமனைக்கு ஓட வேண்டாம், தெருவுக்குத் தெரு குழந்தைகள் கிளினிக் இருக்கிறது. மதியம் மூடிவிட்டுப் பிற்பகலும், பிறகு இரவு 9 மணி வாக்கு வரையும் பார்ப்பார்கள். பயணிகள் முழுப் பணம் கட்ட வேண்டும், ரசீதைக் காப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 2

இரவு நேரம். நைட் மார்க்கெட் போயே ஆக வேண்டும் என்றால் நிங்ஷியா, அதுவும் கடை விரிக்கும் நேரத்திலேயே. ஷிலின் பெரிது, பிள்ளை தொலையும் பயம். மாமியாருக்கு நாறும் டோஃபுவின் வாடை ஆகாது, வாடை வராத பக்கமாக உட்காருங்கள்.

ஆனால் காசில்லாத வேடிக்கை ஒன்று விடுதிக்குக் கீழேயே வரும். சாயங்காலம் தெருவில் பீத்தோவனின் "ஃபர் எலீஸ்" கேட்டால் ஐஸ்கிரீம் வண்டி என்று பிள்ளைகள் ஓடுவார்கள். குப்பை லாரி. இங்கே குப்பையைத் தெருவில் வைக்கக் கூடாது, லாரி வரும் நேரத்துக்கு நீல நிறப் பையோடு நாமே போய்ப் போட வேண்டும். பையைக் காசு கொடுத்து வாங்குகிறோம், 2000ஆம் ஆண்டிலிருந்து அதுதான் குப்பை வரி. பாட்டு கேட்டதும் மாடிமாடியாக ஆட்கள் இறங்கி வருவார்கள், பைகள் பறக்கும், மிச்சச் சோற்றுக்குத் தனி வாளி. பக்கத்துவீட்டுக்காரர்கள் ஒருவரையொருவர் நலம் விசாரிப்பதும் அங்கேதான். என் தங்கை பிள்ளைகள் சிங்கப்பூர் திரும்பிய பிறகும் அந்தப் பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தார்களாம்.

மார்ச் 4

கடைசி நாள் பெட்டி எங்கே வைப்பது என்று கேட்டீர்கள். மெயின் ஸ்டேஷனில் விமான நிலைய ரயில் தொடங்கும் ஏ1 நிலையத்திலேயே சில விமான நிறுவனங்களுக்குப் பெட்டியைப் போட்டு போர்டிங் பாஸ் வாங்கிவிடலாம். விமானத்துக்கு 3 மணி நேரத்துக்கு முன்னால் முடித்துவிட வேண்டும். உங்கள் நிறுவனம் அதில் உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால் காலையிலேயே கை வீசிக்கொண்டு ரயில்வே பூங்காவுக்குப் போகலாம், அங்கிருந்து நடை தூரம்தான்.

மார்ச் 25

முதலில் கேள்வி கேட்ட செங்காங் குடும்பத்தார் போய் வந்துவிட்டார்கள். வேனை எடுக்கவில்லை, எனக்கு அவ்வளவு சந்தோஷம். மாமியாருக்கு விசா கடைசி வாரத்தில்தான் கிடைத்ததாம். எடை போடும் சைவக் கடையில் தினம் ஒரு வேளை, ஜீநான் கோயிலில் அரை நாள் உட்கார்ந்துவிட்டார். மகளுக்குப் பெட்டகக் கதவு. சின்னவனுக்கு மெட்ரோவின் முன் ஜன்னல்.

அவர்கள் சொன்னதில் ஒன்றை மற்றவர்களும் குறித்துக்கொள்ளுங்கள்: காலையில் விலங்குகள், பிற்பகலில் கேபிள் கார் என்று ஒரே நாளில் போட்டதில் கேபிள் கார் வரிசையில் சின்னவன் தரையில் உருண்டு அழுதிருக்கிறான். 4 வயதுக்குக் கீழ் என்றால் இரண்டையும் வெவ்வேறு நாளில் வையுங்கள், அல்லது ஒன்றை விட்டுவிடுங்கள். பழுப்பு ரயிலில் இரண்டாம் தடவை போவதற்கு எந்தப் பிள்ளையும் மறுக்காது.

ஜூன் 1

ஜூன் விடுமுறையில் வருகிறவர்களுக்கு, கேள்வி குவிந்துவிட்டதால். மே, ஜூன் இங்கே மழைக்காலம், அது முடிந்ததும் 35 டிகிரி. மேலே சொன்னதில் பெய்தோவை எடுத்துவிடுங்கள், வெந்நீருக்கு இது காலமில்லை. அதற்குப் பதில் எங்கள் கொங்குவான் பக்கம் தைப்பே நீர்ப் பூங்கா. 1908ஆம் ஆண்டு நீரேற்று நிலையம், தூண்கள் வைத்த அழகான கட்டடம், வெயில் காலத்தில் வெளியே பிள்ளைகள் நனைந்து விளையாடும் தொட்டிகளும் சறுக்குகளும் திறப்பார்கள். மாற்றுத்துணியும் தொப்பியும் எடுத்துவாருங்கள்.

ஜூலைக்குத் தள்ளிப்போடலாமா என்றால், அப்போது புயல். புயல் நாளுக்கு நகராட்சி முந்தின இரவே விடுமுறை அறிவித்துவிடும், பள்ளி அலுவலகம் எல்லாம் அடைப்பு. அதனால் விமானச் சீட்டை மாற்றக்கூடியதாக வாங்குங்கள்.

கோடையில் பிற்பகல் 2 மணிக்கு மேல் மலைப்பக்கம் இடி மின்னல் வந்துவிடும், மின்னல் அடித்தால் கேபிள் காரை நிறுத்திவிடுவார்கள். காலை முதல் வரிசையில் ஏறிவிட்டு மதியத்துக்குள் இறங்கிவிடுங்கள். மேலே மாட்டிக்கொண்டால் பதற வேண்டாம், மாவ்கொங்கிலிருந்து அடிவாரத்துக்குச் சின்ன பஸ் ஓடுகிறது, அதற்கும் ஈஸிகார்டுதான்.